மூன்று சென்டர்கள் போன கோடை: செல்டிக்ஸ் செய்தது சரியா?

கார்டன் கதிர் (இழையைத் தொடங்கியவர்) | 4 அக்டோபர் 2025

பாஸ்டன் செல்டிக்ஸின் மூத்த சென்டர் (கூடையைக் காக்கும் நெட்டை ஆள்) அல் ஹார்ஃபோர்ட் என்.பி.ஏ.வின் கோல்டன் ஸ்டேட் அணியில் கையெழுத்துப் போட்டுவிட்டார். மாதக்கணக்கில் இழுத்த கதை முடிந்தது. 2024 ஜூனில் டல்லஸை 4–1 என்று சாய்த்து 18ஆவது சாம்பியன் கொடியைத் தூக்கிய அணியின் முதல் மூன்று சென்டர்களும் இப்போது பாஸ்டனில் இல்லை. போர்சிங்கிஸ் அட்லாண்டாவில், கார்னெட் சான் அன்டோனியோவில், அல் சான் பிரான்சிஸ்கோவில்.

மிச்சம் இருப்பவர்களைப் பாருங்கள். நீமியாஸ் கெய்ட்டா, லூகா கார்ஸா, க்ரிஸ் பூஷே, முழங்கால் வலியோடு போன வருடம் பெரும்பாலும் உட்கார்ந்திருந்த ஸேவியர் டில்மன். டூ-வே (கிளை அணிக்கும் சேர்த்து ஆடும்) ஒப்பந்தத்தில் அமாரி வில்லியம்ஸ், இந்த வருட டிராஃப்ட்டின் (புது வீரர்களை அணிகள் தேர்ந்தெடுப்பது) 46ஆவது ஆள். இந்தப் பட்டியலைப் பார்த்துவிட்டு ஊர் முழுக்க ஒப்பாரி.

நான் ஒப்பாரி வைக்கவில்லை. என் கருத்து இதுதான்: சந்தையில் வேறு சென்டரைத் தேடி ஓடாமல் அணி நிர்வாகி ப்ராட் ஸ்டீவன்ஸ் சும்மா இருந்தது சரி. கெய்ட்டாவுக்கு 27, 28 நிமிடம் கொடுத்துப் பார்க்க வேண்டும். நட்சத்திர வீரர் டேட்டம் நல்ல காலோடு இருக்கும் வருடத்தில் அதைச் செய்ய முடியாது. ஒவ்வொரு தோல்விக்கும் கழுத்தில் கத்தி வைப்பார்கள். மே 12 அன்று நியூயார்க் நிக்ஸின் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் அவருடைய வலது அக்கிலீஸ் (குதிகால் தசைநார்) அறுந்த நிமிடத்திலேயே இந்த சீசன் பரிசோதனை சீசன் ஆகிவிட்டது. அப்படியிருக்க 34 வயது ஆள் ஒருவருக்கு இரண்டு வருட ஒப்பந்தம் கொடுத்து என்ன காணப் போகிறோம்?

போன மூவரில் எனக்கு வருத்தம் ஒருவருக்காகத்தான். போர்சிங்கிஸுக்காக இல்லை, அல்லுக்காகவும் இல்லை. லூக் கார்னெட். அவரை மட்டும் எப்படியாவது பிடித்து வைத்திருக்கலாம்.

சண்டைக்கு வாருங்கள்.

வெள்ளி இரவு

கதிர் ப்ரோ, "பரிசோதனை"ன்னு அழகா பேர் வச்சிட்டீங்க. அதுக்குப் பேர் சிக்கனம். பில் சிஷோம் கூட்டம் 610 கோடி டாலர் கொடுத்து டீமை வாங்கியிருக்கு. வாங்கின கையோட ஹாலிடே போர்ட்லண்டுக்கு, போர்சிங்கிஸ் அட்லாண்டாவுக்கு. போர்சிங்கிஸுக்குப் பதிலா வந்தது யாரு? ஜார்ஜஸ் நியாங். அவரையும் ஆகஸ்ட்ல யூட்டாவுக்கு அனுப்பியாச்சு, கூடவே ரெண்டு செகண்ட் ரவுண்ட் பிக்கையும் (டிராஃப்ட்ல ஆள் எடுக்கிற உரிமை) வெத்தலை பாக்கா வச்சு. இதுல பாஸ்கெட்பால் எங்க இருக்கு?

கணக்குப்பிள்ளை

வெள்ளி இரவு சொல்வதில் பாதி உண்மை. மீதிப் பாதிக்குக் கணக்கைப் பார்க்க வேண்டும்.

2025–26க்கு வரிக் கோடு (சம்பளம் இதைத் தாண்டினால் அணி வரி கட்ட வேண்டும்) 187.9 மில்லியன் டாலர். அதற்கு மேல் கட்டுப்பாடுகள் தொடங்கும் முதல் ஏப்ரன் 195.9. இன்னும் கடுமையான செகண்ட் ஏப்ரன் 207.8. இதில் டேட்டம், பிரவுன் இருவர் சம்பளம் மட்டும் 107 மில்லியனைத் தாண்டுகிறது. டெரிக் வைட்டுக்கு 28. போர்சிங்கிஸுக்கு 30.7, ஹாலிடேவுக்கு 32.4. ஐந்து பேரைக் கூட்டினாலே வரிக் கோடு தாண்டிவிட்டது. இதையெல்லாம் அப்படியே வைத்திருந்தால் சம்பளமும் வரியும் சேர்ந்து அரை பில்லியன் டாலருக்குப் போயிருக்கும்.

பணம் முதலாளியின் பிரச்சினை, நமக்கென்ன என்று சொல்லலாம். ஆனால் செகண்ட் ஏப்ரன் வெறும் பணப் பிரச்சினை இல்லை. அதற்கு மேலே இருந்தால் இரண்டு வீரர்களின் சம்பளத்தைச் சேர்த்து ஒரு பெரிய வீரரை ட்ரேடில் வாங்க முடியாது. மிட்-லெவல் எக்செப்ஷன் (உச்சவரம்பைத் தாண்டியும் வெளியாளை எடுக்கும் சலுகை) கிடையாது. ஏழு வருடம் தள்ளியிருக்கும் முதல் சுற்று பிக் உறைந்துபோகும், ட்ரேடில் கொடுக்க முடியாது. செல்டிக்ஸின் 2032 பிக் ஏற்கெனவே உறைந்துதான் கிடக்கிறது. அடுத்த நான்கு வருடத்தில் இரண்டு முறை மறுபடி மேலே போனால் அந்த பிக் முதல் சுற்றின் கடைசி இடத்துக்குத் தள்ளப்படும். டேட்டம் ஆடாத ஒரு வருடத்துக்காக அந்த விலையை எந்த மேனேஜர் கொடுப்பார்?

கதிருக்கும் ஒன்று. கார்னெட்டை "எப்படியாவது" பிடித்திருக்கலாம் என்கிறீர்கள். எப்படி? சான் அன்டோனியோ ஸ்பர்ஸ் கொடுத்தது நான்கு வருடத்துக்கு 41 மில்லியன். பேர்ட் உரிமை (சொந்த வீரரை உச்சவரம்பைத் தாண்டியும் வைத்துக்கொள்ளும் உரிமை) நம்மிடம் இருந்தது, ஆகவே கொடுக்க விதி தடை இல்லை. ஆனால் போர்சிங்கிஸ், ஹாலிடே இருவரும் போன பிறகும் நாம் செகண்ட் ஏப்ரனை ஒட்டித்தான் நின்றோம். கார்னெட்டுக்கு ஒரு 10 மில்லியன் என்றால் அதே 10 மில்லியனை வேறு எங்கிருந்தோ உருவ வேண்டும். அந்தத் தொகைக்குச் சரியாகப் பொருந்துகிற ஆள் சாம் ஹவ்ஸர். உருவாவிட்டால், தொடர்ந்து வரி கட்டும் அணிக்கான விகிதம் முதல் படியிலேயே டாலருக்கு மூன்று டாலர். 20 நிமிடம் ஆடும் சென்டருக்கு மொத்தச் செலவு 40 மில்லியன்.

ஹவ்ஸரா, கார்னெட்டா? அதுதான் கேள்வி. பதில் சொல்லுங்கள்.

கார்டன் கதிர்

கார்னெட். யோசிக்காமல் சொல்வேன்.

போர்சி பக்தன்

அடப்பாவிகளா! 2023–24ல் இந்த டீம் 64 மேட்ச் ஜெயிச்சதுக்குக் காரணமே போர்சிங்கிஸ். ஃபைனல்ஸ் முதல் மேட்ச்ல பெஞ்ச்ல இருந்து எழுந்து வந்து 20 பாயின்ட். அவரைப் பத்தி "வருத்தம் இல்லை"ன்னு ஒரு வரியில தாண்டிட்டீங்க. ஏழடி ரெண்டு அங்குல ஆள், த்ரீ (தூரத்துல இருந்து எறியற மூணு பாயின்ட் ஷாட்) 41 சதவீதம், போஸ்ட்ல (கூடைக்குப் பக்கத்துல) சின்ன ஆள் மாட்டினா தலைக்கு மேல ஷூட் பண்ணுவார். கார்னெட் எங்க, இவர் எங்க.

கார்டன் கதிர்

போர்சிங்கிஸ் ஆடினால் யார் வேண்டாம் என்பார்கள்? போன சீசனில் 42 ஆட்டம். அதற்கு முந்தைய சீசனில் 57. அந்த இருபது புள்ளி ஆட்டத்துக்கு அடுத்த ஆட்டத்திலேயே கணுக்கால் தசைநார் இடம் நகர்ந்து மறுபடி வெளியே போனார். இந்த வருடம் நிக்ஸ் தொடரில் மூச்சு வாங்கி நிற்க முடியாமல் தவித்ததை எல்லோரும் பார்த்தோம். எழுந்து நின்றாலே இதயத் துடிப்பு எகிறும் நோய் அது என்று இந்தக் கோடையில் அவரே வெளியே சொன்னார். பாவம், அது அவர் தவறு இல்லை. ஆனால் 30.7 மில்லியன் சம்பளத்தின் கடைசி வருடத்தில் இருப்பவரை, யார் வேண்டுமானாலும் வாங்கத் தயாராக இருக்கும்போதே அனுப்புவதுதான் வழி. அட்லாண்டா முந்திக்கொண்டது.

கார்னெட் 73 ஆட்டம் ஆடினார். என் வாதம் இங்கிருந்துதான் தொடங்குகிறது.

நிக்ஸ் நாகு

😂😂 உங்க வாதம் எல்லாம் இருக்கட்டும். மே மாசத் தொடர்ல எங்க மிட்செல் ராபின்சன்னு ஒருத்தர் உங்க வீட்டு பெயின்ட்ல (கூடைக்குக் கீழ இருக்கிற இடம்) குடித்தனம் நடத்தினாரே, அது மறந்துபோச்சா? ஃப்ரீ த்ரோ போட வராதுன்னு பந்தே இல்லாத இடத்துல அவரைப் பிடிச்சுப் பிடிச்சு ஃபவுல் பண்ணீங்க. ரெண்டு மேட்ச் உங்க ஊர்லயே, 20 பாயின்ட் முன்னால இருந்து கோட்டை விட்டீங்க. முதல் மேட்ச்ல 60 த்ரீ எறிஞ்சு 45 மிஸ், பிளேஆஃப் ரெக்கார்ட். அந்த 45ல எத்தனை ரீபவுண்ட் (மிஸ் ஆகித் திரும்பற பந்து) எடுத்தீங்கன்னு உங்க மூணு சென்டரையும் கேளுங்க.

சரி, கிண்டலை விட்டுச் சொல்றேன். கார்னெட் விஷயத்துல கதிர் பக்கம்தான் நான். எங்களுக்கும் 2024ல இதே கதை. ஹார்டென்ஸ்டைனை வச்சுக்க ஆசை, ஆனா ஏர்லி பேர்ட் விதிப்படி நான்கு வருஷத்துக்கு 72.5 மில்லியனுக்கு மேல கொடுக்க முடியாது. ஓக்லஹோமா மூணு வருஷத்துக்கே 87ஐத் தூக்கி நீட்டுச்சு. போயிட்டார். ஒரே வருஷத்துல கையில கோப்பை. சீசன் பூரா "ஹார்டென்ஸ்டைன் இருந்திருந்தா"ன்னு புலம்பினவன் நான். சென்டர் டவுன்ஸ் வந்தும் அந்தப் புலம்பல் நிக்கல. பேக்கப் சென்டர்தானேன்னு விட்டா, போன பிறகுதான் ஓட்டை தெரியும்.

சாந்தி போஸ்ட்

கல்லூரி நாட்களில் நான் போஸ்ட் ஆடியவள், இப்போது பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தருகிறேன். அதனால் புள்ளிவிவரத்தை விட்டுவிட்டுக் காலைப் பற்றிப் பேசுகிறேன்.

கார்னெட் குதிப்பவர் இல்லை. ஷாட் மேலே போகும்போது பந்தைப் பார்க்க மாட்டார், ஆளைத் தேடுவார். இடுப்பை எதிராளியின் தொடையில் கொடுத்து இரண்டடி வெளியே தள்ளிவிட்டுத்தான் நிமிர்ந்து பார்ப்பார். அந்தப் பந்தை பல நேரம் பிரவுனோ டேட்டமோ எடுத்துக்கொண்டு போவார்கள், ரீபவுண்ட் அவர்கள் கணக்கில் ஏறும். எதிர்முனையில் அதையே திருப்பிச் செய்வார்: பந்தைப் பிடிக்க முடியாவிட்டால் விரல் நுனியால் வெளியே தட்டிவிடுவார், அங்கே நம் ஆள் நிற்பார். ஆட்டப் புள்ளிவிவரப் பட்டியலில் இதில் பாதி வராது.

நிக்ஸ் தொடரின் ஐந்தாவது ஆட்டத்தை யாராவது மறுபடி போட்டுப் பாருங்கள். டேட்டம் இல்லை, போர்சிங்கிஸால் ஆட முடியவில்லை. இரண்டாம் பாதியில் கார்னெட்டைப் போட்டார்கள். 10 புள்ளி, 9 ரீபவுண்ட், 7 பிளாக். 127–102. வைட் போட்ட 34 புள்ளியைப் பற்றித்தான் எல்லோரும் எழுதினார்கள்.

கெய்ட்டா வேறு ரகம். ஏழடி, நல்ல தோள், பந்து எங்கே போகும் என்று முன்கூட்டியே மோப்பம் பிடிக்கிறார். ஆஃபென்சிவ் ரீபவுண்டில் (நம் அணி தவறவிட்ட பந்தை நாமே திரும்ப எடுப்பது) கார்னெட்டுக்குக் குறைந்தவர் இல்லை. ஆனால் டிஃபென்ஸில் கை முந்துகிறது, கால் பிந்துகிறது. பந்தோடு வருபவன் தோளை இறக்கியதும் இவர் கையை இறக்குகிறார், விசில். பதினான்கு நிமிடம் ஆடுபவருக்கு அது தெரியாது, 28 நிமிடம் ஆடும்போது மூன்றாவது குவார்ட்டர் முடிவதற்குள் நான்கு ஃபவுல் ஆகிவிடும். அப்புறம் யார்? கார்ஸாவா?

வெள்ளி இரவு

இதான் என் கேள்வியும். கெய்ட்டாவை ஆட விடுங்க, நான் தடுக்கல. அவர் பின்னால யார்னுதான் கேக்கிறேன்.

பழைய பச்சை

தம்பிகளே, ரீபவுண்ட் என்று சொன்னதும் எனக்கு ஒரு ராத்திரிதான் ஞாபகம் வருகிறது. 2010 ஃபைனல்ஸ், ஏழாவது ஆட்டம். ஆறாவது ஆட்டத்தில் பெர்கின்ஸின் முழங்கால் போயிற்று. ஏழாவதில் லேக்கர்ஸ் எறிந்ததில் மூன்றில் ஒரு பங்குகூட உள்ளே போகவில்லை. இருந்தும் ஜெயித்தார்கள், 83–79. ஏன்? ஆஃபென்சிவ் ரீபவுண்ட் அவர்களுக்கு 23, நமக்கு 8. பெர்கின்ஸ் ஒன்றும் பெரிய நட்சத்திரம் இல்லை. இடத்தை அடைத்துக்கொண்டு நிற்பார், அவ்வளவுதான். அந்த இடம் காலியானபோது கோப்பை போயிற்று. அடுத்த பிப்ரவரியில் அவரையே ஓக்லஹோமாவுக்கு அனுப்பி இன்னொரு தரம் வயிற்றெரிச்சலைக் கிளப்பினார்கள்.

நெட்டையர் விஷயத்தில் இந்த ஊருக்கு ஒரு மரபு உண்டு. 1980 ஜூனில் அணியை நடத்திய ரெட் அவுர்பாக் என்ன செய்தார்? முதல் பிக் கையில் இருந்தது. ஜோ பாரி கேரலை எடுப்பார் என்று உலகமே எதிர்பார்த்தது. அதையும் 13ஆவது பிக்கையும் கோல்டன் ஸ்டேட் தலையில் கட்டிவிட்டு ராபர்ட் பாரிஷையும் 3ஆவது பிக்கையும் வாங்கினார். அந்த 3ஆவது பிக்தான் கெவின் மெக்ஹேல். 81, 84, 86 என்று மூன்று கொடி. கோடையில் உட்கார்ந்து யோசித்தால் இப்படி யோசிக்க வேண்டும். கார்ஸாவையும் பூஷேவையும் சில்லறை விலைக்குப் பொறுக்குவதை யோசனை என்று சொல்லாதீர்கள்.

கணக்குப்பிள்ளை

பெரியவரே, அவுர்பாக்குக்கு ஏப்ரன் கட்ட வேண்டியிருக்கவில்லை 🙂 சம்பள உச்சவரம்பே 1984–85ல்தான் வந்தது.

ஸ்கார்பரோ தம்பி

அண்ணையள், பூஷேவைச் சில்லறை எண்டு சொல்லாதேங்கோ. நான் ராப்டர்ஸ் ஆள், எண்டாலும் இந்த இழைக்குள்ள வந்ததே அவருக்காகத்தான். 2019ல கப் எடுத்த டீமில கடைசி வரைக்கும் டொராண்டோவில நிண்டவர் அவர் மட்டும்தான். கவாய் போனார், லோரி போனார், சியாகம், வான்வ்லீட், அனுனோபி எல்லாரும் போச்சினம். செயின்ட் லூசியாவில பிறந்து மொண்ட்ரியலில வளந்த பொடியன். ஜி லீக்கில (என்.பி.ஏ.யின்ர கிளை லீக்) ஒரே வருசத்தில எம்.வி.பி.யும் சிறந்த டிஃபெண்டரும் எடுத்தவர்.

ஆனா உண்மையையும் சொல்லத்தானே வேணும். அவர் சென்டர் இல்லை. உடம்பு ஒரு கம்பி. நாலாம் நம்பரில (சென்டருக்குப் பக்கத்தில ஆடுற பவர் ஃபார்வர்ட்) விட்டு, மூலையில நிண்டு த்ரீ எறிஞ்சு, பின்னால இருந்து ஓடிவந்து பிளாக் பண்ண விட்டால் பத்து நிமிசத்துக்குள்ள மேட்சைத் திருப்புவார். பிலடெல்பியா சென்டர் எம்பீடுக்கு முன்னால நிக்க விட்டால் தள்ளிக்கொண்டே போயிடுவினம். எங்கட கோச்சுமார் எத்தினை பேர் அதைச் செய்து பாத்து கைவிட்டவை. உங்கட கோச் மசூலாவும் செய்து பாக்கப் போறார் எண்டு நினைக்கிறன்.

சாந்தி போஸ்ட்

ஸ்கார்பரோ தம்பி சொன்னது ரொம்பச் சரி. டொராண்டோவில் பூஷே நன்றாக ஆடிய நாட்களெல்லாம் பக்கத்தில் இன்னொரு கனமான ஆள் இருந்த நாட்கள்.

கார்டன் கதிர்

பழைய பச்சை ஐயாவுக்கு ஒரு பதில், 2010ஐ விட நெருக்கமான உதாரணத்தோடு.

2019 கோடை. ஹார்ஃபோர்ட் நான்கு வருட ஒப்பந்தத்துக்கு பிலடெல்பியா போனார். ஏரன் பெய்ன்ஸையும் ஃபீனிக்ஸுக்கு அனுப்பினார்கள். அன்றும் இதே ஒப்பாரி: "சென்டர் இல்லாத அணி." யாரை வைத்து ஆடினார்கள்? வருடத்துக்கு 5 மில்லியன் வாங்கிய டேனியல் தைஸ். பின்னால் எனெஸ் கான்டர், ராபர்ட் வில்லியம்ஸ். அந்த அணி கிழக்கு ஃபைனல்ஸ் வரை போயிற்று. அல்லை வாங்கிய பிலடெல்பியாவை முதல் சுற்றிலேயே 4–0 என்று துடைத்துப் போட்டுவிட்டுத்தான் போயிற்று. தைஸ் என்ன செய்தார்? டேட்டமும் கெம்பாவும் உள்ளே ஓடும்போது தன்னைக் காக்கும் ஆளை முதுகால் அடைத்து வழி திறந்துவிட்டார். ஒரு சென்டரை உருவாக்கப் பெரிய சம்பளம் தேவையில்லை, பெரிய நிமிடம்தான் தேவை.

நிக்ஸ் நாகு

அந்த கிழக்கு ஃபைனல்ஸ்ல பாம் அடெபாயோ என்ன செஞ்சார்னும் எழுதுங்க கதிர். முதல் மேட்ச் கடைசி செகண்ட்ல டேட்டத்தோட டங்கைக் கையால பிடிச்சு நிறுத்தினாரே. தொடர் பூரா தைஸால அவரை ஒண்ணும் பண்ண முடியல. மயாமி 4–2. சாதா சென்டரோட மூணாவது சுற்று வரைக்கும் போகலாம், அதுக்கு மேல பெரிய சென்டர் வந்து மறிப்பான்.

போர்சி பக்தன்

👆 இதைத்தான் நானும் சொல்றேன்.

கார்டன் கதிர்

நாகு, நியாயமான அடி. ஆனால் இந்த வருடம் மூன்றாவது சுற்று போனால் நான் பாயாசம் வைப்பேன்.

இப்போது கார்னெட் ஏன் என்று சொல்லவேண்டிய இடத்துக்கு வருகிறேன். போன சீசன் செல்டிக்ஸ் ஆட்டத்துக்கு 48 த்ரீ எறிந்தது. மொத்தம் 1,457 உள்ளே போயிற்று, லீக் சாதனை. ஐந்து பேரும் வெளியே நிற்கும் ஆட்டம். அதில் சென்டர் ஷூட் பண்ணத் தெரிந்தவராக இருக்க வேண்டும், அதனால்தான் போர்சிங்கிஸும் அல்லும். முதல் வருடம் யாருக்கும் மருந்து தெரியவில்லை. அப்புறம் எல்லோரும் கண்டுபிடித்தார்கள்: தங்கள் சென்டரை நம் சென்டர் மேல் போடாமல் ஹாலிடே மேல் போட்டார்கள். டவுன்ஸ் ஹாலிடேவைக் காத்துக்கொண்டு பெயின்ட் ஓரமாக நின்றார். அல் மேல் ஒரு விங் ஆள் (வெளியோரத்தில் ஆடுபவர்). இப்போது டேட்டமும் அல்லும் பிக் அண்ட் ரோல் (சென்டர் குறுக்கே நின்று ஸ்க்ரீனாக மறித்துவிட்டு நகர்வது) ஆடினால் எதிரணி சர்வ சாதாரணமாக ஆள் மாற்றிக்கொள்ளும். ஆட்டம் நின்றுபோகும், ஒருவர் பந்தைத் தட்டிக்கொண்டு நிற்பார், கடைசியில் கஷ்டமான த்ரீ. அந்த 45 மிஸ் அங்கிருந்து வந்தது.

கார்னெட் உள்ளே வந்தால் இந்த மருந்து பலிக்காது. அவர் ஷூட் பண்ண மாட்டார், ஆனால் ஸ்க்ரீன் போட்டுவிட்டு நேராக ரிம்முக்கு ஓடுவார். அவர் மேல் சின்ன ஆளைப் போட்டால் ஒவ்வொரு மிஸ்ஸும் அவர் கையில் விழும். எனவே எதிரணி சென்டர் அவரிடமே வந்தாக வேண்டும், பிக் அண்ட் ரோலில் பின்வாங்கியாக வேண்டும், வைட்டுக்கும் ப்ரிச்சர்டுக்கும் ஸ்க்ரீனைத் தாண்டியதும் காற்றாடும் இடம் கிடைக்கும். ஷூட் பண்ணாத சென்டரால் த்ரீக்கு வழி பிறக்கிறது. நம்ப முடியாது, ஆனால் ஆட்டத்தைப் பாருங்கள், தெரியும்.

கெய்ட்டாவும் அதையே செய்யக்கூடியவர் என்பதுதான் என் முழு நம்பிக்கை. சம்பளம் இரண்டரை மில்லியன்கூட இல்லை. 2021ல் 39ஆவது பிக், என்.பி.ஏ.வுக்கு வந்த முதல் போர்ச்சுகீசியர். சாக்ரமெண்டோ வேண்டாம் என்று விட்டவர். ஆகஸ்ட்–செப்டம்பர் யூரோபாஸ்கெட்டில் அவர் நாட்டுக்கு அவர்தான் எல்லாம்: செக் குடியரசை வென்ற முதல் ஆட்டத்தில் 23 புள்ளி, 18 ரீபவுண்ட். போர்ச்சுகல் கடைசி பதினாறுக்கு வந்து, பிறகு கோப்பையே எடுத்த ஜெர்மனியிடம் தோற்றது. ஒரு அணியின் மொத்த பாரத்தையும் தோளில் போட்டு ஆடிய அனுபவம் அவருக்குக் கிடைத்தது இந்தக் கோடையில்தான்.

ரிம் ரசிகை

கார்னெட்டைப் பத்தி இவ்வளவு பேசிட்டு அந்த "எட்டி நின்னு குதிக்கிற" டிஃபென்ஸை யாரும் சொல்லலையே! ஷூட்டர் த்ரீ லைன்ல, இவர் ரிம்முக்குக் கீழ. ஓடிப்போக நேரமில்லைன்னு அங்கயே ரெண்டு கையையும் தூக்கி ஒரு குதி. ஷூட்டருக்கு ரிம் மறையுமாம். இனிமே வெம்பன்யாமாவும் இவரும் ஒரே டீம்ல. அந்தப் பயிற்சிக்கூடத்தை நினைச்சுப் பாருங்க.

வெள்ளி இரவு

😄 வெம்பிக்குக் குதிக்கவே வேண்டாம், கையைத் தூக்கினா போதும்.

சரி கதிர், நீங்க சொன்ன அந்த ரோல் மேன் கதையை ஏத்துக்கறேன். அப்படீன்னா லீக்ல மத்தவங்க எல்லாம் ஏன் இந்தக் கோடையில நெட்டையர்களுக்குக் காசைக் கொட்டினாங்க? மில்வாக்கி டேமியன் லில்லர்டைக் கழட்டிவிட்டு, அவர் சம்பளத்தை வருஷக்கணக்குல இழுத்துக் கட்டிக்கிட்டு, மைல்ஸ் டர்னரை வாங்குச்சு. ஹூஸ்டன் கிட்ட ஷெங்கூன், ஸ்டீவன் ஆடம்ஸ் இருந்தும் கபேலாவைத் திரும்பக் கூட்டிட்டு வந்துச்சு. டென்வர் யோகிச்சுக்குப் பின்னால வலன்சியூனஸைப் போட்டுச்சு. ஓக்லஹோமா ஹோம்க்ரனையும் ஹார்டென்ஸ்டைனையும் சேர்த்து ஆட விட்டு கப் எடுத்துச்சு. ஊரே கிழக்கே போகுது, நாம மட்டும் மேற்கே.

கணக்குப்பிள்ளை

ஊரே கிழக்கே போகும்போது பஸ் டிக்கெட் விலையும் ஏறும். ஏட்டன் போர்ட்லண்டிலிருந்து வெளியே வந்தபோது இங்கேயும் சிலர் கேட்டார்கள், ஏன் எடுக்கவில்லை என்று. லேக்கர்ஸ் முதல் வருடத்துக்குக் கொடுத்தது சுமார் 8 மில்லியன். நம் நிலைமையில் அதிகபட்சம் கொடுக்க முடிந்தது 5.7, அதையும் கொடுத்தால் செகண்ட் ஏப்ரனுக்குக் கீழே பூட்டுப் போட்டுவிடுவார்கள். ப்ரூக் லோபஸ் கிளிப்பர்ஸில் வாங்கியதும் நமக்கு எட்டாத விலை. ஹார்ஃபோர்டும் அப்படித்தான். கோல்டன் ஸ்டேட் கொடுத்த அந்த 5.7ஐ நாமும் கொடுத்திருக்கலாம்தான். ஆனால் 39 வயதில், டேட்டம் இல்லாத அணியில் அவர் ஏன் ஒரு வருடத்தை வீணாக்க வேண்டும்?

ஒரு வழி இன்னும் திறந்திருக்கிறது. நம் அன்ஃபர்னி சைமன்ஸின் 27.7 மில்லியன் இந்த வருடத்தோடு முடிகிறது. பிப்ரவரியில் அதைக் கொடுத்து ஒரு சென்டரை எடுக்கலாம். உதாரணத்துக்கு சிகாகோவின் வூசெவிச், அவர் ஒப்பந்தமும் இந்த வருடத்தோடு முடிகிறது, சம்பளமும் குறைவு.

சாந்தி போஸ்ட்

வூசெவிச் போஸ்டில் அழகாக ஆடுவார், த்ரீயும் போடுவார். ஆனால் ஸ்க்ரீனைச் சுற்றி வரும் கார்டைத் துரத்தச் சொன்னால் அவருக்கு முன் பந்து ரிம்முக்குப் போய்விடும். கெய்ட்டாவின் நிமிடத்தைப் பறிக்காமல் பெஞ்சிலிருந்து வந்தால் சரி.

போர்சி பக்தன்

சைமன்ஸைக் கொடுத்து வூசெவிச்சா? அதுக்கு போர்சிங்கிஸையே வச்சிருக்கலாம்!!

நடுவர்

பக்தன், இந்த இழையில் போர்சிங்கிஸ் போதும். அவருக்குத் தனி இழை இருக்கிறது.

பழைய பச்சை

கதிர், உம்முடைய பிக் அண்ட் ரோல் விளக்கம் நன்றாக இருக்கிறது. ஒரு சந்தேகம். அந்த இடம் வைட்டுக்குக் கிடைக்கிறது என்றீர். ஆனால் டேட்டம் போன வருடம் ரீபவுண்டிலும் நம் முதல் ஆள் அல்லவா? அவரும் இல்லை, மூன்று சென்டர்களும் இல்லை. யார் எடுப்பார்கள்? கெய்ட்டா ஒருவரால் ஆகாது.

கார்டன் கதிர்

ஐயா, இந்தக் கேள்விதான் எனக்கும் தூக்கம் வரவிடாத ஒன்று. மசூலா வேகமாக ஆடப் போகிறோம் என்ற பாணியில் அணியை மாற்றுகிறார் என்று பேச்சு. போன வருடம் லீகிலேயே மெதுவாக ஆடிய அணிகளில் நாமும் ஒன்று. வேகம் கூட்டினால் ரீபவுண்டுக்கு எல்லோரும் பாய்வது கஷ்டம், பாதிப் பேர் ஓடத் தயாராக நிற்பார்கள். ஜோர்டன் வால்ஷ், ஜோஷ் மினாட், ஹியூகோ கொன்சாலஸ் மாதிரி இளம் விங் ஆட்களை மூலையிலிருந்து உள்ளே பாயவைப்பார் என்று நினைக்கிறேன். ஐந்து பேரும் சேர்ந்து அள்ளுவது. அது பலித்தால் சரி. பலிக்காத இரவுகளில் எதிரணி ஒரே தடவையில் மூன்று ஷாட் எறியும், நாம் தலையில் கைவைத்து உட்கார்ந்திருப்போம்.

ஸ்கார்பரோ தம்பி

கார்ஸாவைப் பற்றி ஒருத்தரும் ஒண்டும் சொல்லேல்லையே?

ரிம் ரசிகை

நான் சொல்றேன். 2021ல அமெரிக்கக் காலேஜ் பாஸ்கெட்பால்ல வருஷத்தோட சிறந்த வீரர். அயோவா அவர் 55ஆம் நம்பரை யாருக்கும் கொடுக்கிறதில்லை. ஆனா என்.பி.ஏ.ல 52ஆவது பிக், டெட்ராய்ட்ல கொஞ்சம், மினசோட்டாவுல மூணு வருஷம் பெரும்பாலும் டவல் ஆட்டிக்கிட்டு. பந்து கையில வந்தா பாயின்ட் போடுவார், த்ரீயும் எறிவார். டிஃபென்ஸ்ல பக்கவாட்டுல நகர வராது. 12 நிமிஷம், எதிர் டீம் பெஞ்ச் ஆடும்போது. அதுக்கு மேல கேக்கக் கூடாது.

வெள்ளி இரவு

22ஆம் தேதி பாஸ்டன் கார்டன்ல முதல் மேட்ச், பிலடெல்பியா கூட. எம்பீட் முழங்கால் அன்னிக்கு என்ன சொல்லுதோ தெரியாது. ஆடினார்னா கெய்ட்டாவுக்கு முதல் குவார்ட்டர்லயே ரெண்டு ஃபவுல். பந்தயம்.

சாந்தி போஸ்ட்

பந்தயத்துக்கு நான் தயார். இரண்டு ஃபவுல் விழும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் மசூலா அவரை உடனே உட்கார வைக்கக் கூடாது. ஃபவுலோடு ஆடக் கற்றுக்கொள்ள ஆட்டத்தில் நின்றால்தான் முடியும். இரண்டாவது ஃபவுலுக்கு அப்புறம் பெஞ்சில் உட்கார வைத்த பிள்ளை அடுத்த ஆட்டத்திலும் அதே கையை இறக்கும்.

கார்டன் கதிர்

என் கணிப்பு, எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: கெய்ட்டா 26 நிமிடம், கார்ஸா 12, மீதிப் பத்து நிமிடம் பூஷே சென்டரில். பூஷேவை ஸ்கார்பரோ தம்பி சொன்ன மாதிரி நாலாம் நம்பரில் பார்க்கவே ஆசை, ஆனால் ஆள் கணக்கு இடம் கொடுக்காது. டில்மன் ஜனவரிக்குள் வேறு ஊரில் இருப்பார். அமாரி வில்லியம்ஸ் கிளை அணியான மேய்னுக்குப் போய் ஆடிவிட்டு மார்ச்சில் வருவார்.

நிக்ஸ் நாகு

எங்க மேட்ச்ல கெய்ட்டா 26 நிமிஷம் ஆடினா நான் இந்த இழையில வந்து மன்னிப்பு கேக்கறேன். ராபின்சன் கணுக்கால் நல்லா இருந்தா நடக்காது.

வெள்ளி இரவு

ராபின்சன் கணுக்கால் நல்லா இருந்தா... 😂 அந்த வரியை எத்தனை வருஷமா எழுதறீங்க நாகு?